வீட்டிற் சிறு கடல்நீர்த் தொட்டி அமைத்தல்

கடலடியிலுள்ள முருகைக்கற் பாறைகளில் வாழும் மீன், நத்தை, இறால் முதலியவற்றை வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் விருப்பம் இக்காலத்திற் பலரிடம் காணப்படுகின்றது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்த படியாக இதனை நாடுகின்றனர். எனினும், முதன்முறையாக இம்முயற்சியில் இறங்குவோரிற் பலர் சில வாரங்களுள் உயிரினங்களையும் பணத்தையும் இழந்து தொட்டியைக் கைவிடுகின்றனர். அவர்கள் தோல்வியுறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான் உண்டு. நிலத்தைப் பண்படுத்தாமல் விதைப்பவர் போல, நீரைப் பண்படுத்தாமல் அவர்கள் உயிரினங்களை விட்டுவிடுகின்றனர்.

கமக்காரருக்கு இவ்வேலை முற்றிலும் புதியதன்று. மண், நீர், பசளை, வெயில் ஆகியவற்றை அளவறிந்து கையாளும் ஒருவருக்குத் தொட்டியின் தத்துவம் எளிதில் விளங்கும். உயிரினங்களை வாங்குவது இவ்வேலையின் கடைசிப் படியாகும். அதற்கு முன் செய்யவேண்டியவற்றையும், கமக்காரரின் இல்லத்திற்கே உரிய சில ஆபத்துக்களையும் இப்பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

தொட்டியினுள் நடைபெறுவது யாது?

மீனின் கழிவும், உண்ணாது எஞ்சிய உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. அமோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. கடல்நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். பெறுமானம் 8.1 முதல் 8.4 வரை இருக்கும். காரத்தன்மை கூடுமிடத்து அமோனியாவின் நஞ்சுத்தன்மையும் கூடும். ஆதலின் நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கக்கூடிய அமோனியாவைக் கடல்நீர்த் தொட்டியில் மீன் தாங்கமாட்டாது.

இயற்கையில் இந்நஞ்சை அகற்றுபவை பற்றீரியாக்கள். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இதுவும் நஞ்சே. இன்னொருவகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று சிறிதளவில் இருப்பின் பெருந்தீங்கு செய்யாது.

வயலிலும் இதுவே நடைபெறுகின்றது. நீர் நிற்கும் நெல் வயலில், சேற்றின் மேற்படையில் மாத்திரம் ஒட்சிசன் உண்டு. அங்கே அமோனியா நைத்திரேற்றாக மாறும். அந்த நைத்திரேற்று ஒட்சிசனற்ற கீழ்ச்சேற்றுக்குள் இறங்கும்போது, வேறு பற்றீரியாக்கள் அதனை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். நீர் தேங்கும் வயலுக்கு நைத்திரேற்றுப் பசளை ஏற்றதன்று என்று கூறுவது இதனாலேயே. கமக்காரருக்கு நட்டமாகிய இம்மாற்றம் தொட்டிக்கு இலாபமாகும். துளைகள் நிறைந்த கல்லின் மேற்பரப்பு வயலின் மேற்படையைப் போலவும், கல்லின் உட்புறம் கீழ்ச்சேற்றைப் போலவும் தொழிற்படுகின்றன. ஆகவே தொட்டியிலிடும் கல் வெறும் அலங்காரமன்று. நீரைத் துப்புரவாக்கும் பொறி அதுவே.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், துளைகள் நிறைந்த கல்லையும் காற்றுக் குமிழிகளையும் மாத்திரம் நம்பிக் கடலுயிர்களை வளர்த்த முறையை 1961 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று பல கருவிகள் வந்துள்ள போதிலும் அடிப்படை மாறவில்லை.

முருகைக்கல்லும் சட்டமும்

கடற்கரைக்கு அண்மையில் வசிப்பவர்கள், கல்லைக் கடலிலிருந்து எடுத்துவந்தால் என்ன என்று எண்ணக்கூடும். அவ்வாறு செய்தலாகாது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 1988 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கரையோர வலயத்தினுள் முருகைக்கல்லை அகழ்தல், சேகரித்தல், வைத்திருத்தல், எரித்தல், கொண்டுசெல்லுதல் ஆகியன தடைசெய்யப்பட்டுள்ளன. உயிருள்ள வன்முருகைகள் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாலும் பாதுகாக்கப்படுகின்றன.

இத்தடையின் நோக்கத்தை அறிந்துகொள்ளல் நன்று. தென்மேற்குக் கரையில் நெடுங்காலமாகச் சுண்ணாம்புச் சூளைகளுக்கென முருகைக்கல் அகழப்பட்டது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, முருகைக்கற் பாறை எஞ்சியிருந்த இக்கடுவையில் அலை சுமார் 50 மீற்றர் தூரமே உள்ளே சென்றது. அதற்கு அண்மையில், பாறை அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை ஏறத்தாழ 1½ கிலோமீற்றர் உள்ளே புகுந்து புகைவண்டியையும் அடித்துச் சென்றது. பின்னர் இவ்விடங்களை அளந்த ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டைப் பதிவு செய்தனர். வயலுக்கு வரம்பு எவ்வாறோ, கரைக்கு முருகைக்கற் பாறை அவ்வாறு. அன்றியும், கடல்நீர் சூடேறியமையால் 1998 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் நமது முருகைகள் வெளிறிப் பெருமளவில் இறந்தன. எஞ்சியிருப்பவற்றை ஒரு கண்ணாடித் தொட்டிக்காக உடைப்பது எவ்வகையிலும் தகாது.

ஆதலால் இப்பிரசுரத்தில் விவரிக்கப்படும் தொட்டி செயற்கைக் கல்லைக் கொண்டு அமைப்பதாகும்.

தொட்டியும் இடமும்

பழகாதவர்கள் மிகச் சிறிய தொட்டி எளிதென நினைப்பர். உண்மை அதற்கு மாறானது. குறைந்த நீர் விரைவிற் சூடேறும், விரைவில் உவர்க்கும், சிறு பிழையும் பெருந்தீங்காகும். 60 சதமமீற்றர் நீளமும், 45 சதமமீற்றர் அகலமும், 45 சதமமீற்றர் உயரமும் உடைய தொட்டி ஏற்றது. கல்லும் மணலும் இட்டபின் அது ஏறக்குறைய 100 லீற்றர் நீர் கொள்ளும்.

நீர், கல், மணல், கண்ணாடி யாவும் சேர்ந்து சுமார் 150 கிலோகிராம் நிறையுடையனவாகும். இது மூன்று மூடைப் பசளையின் பாரம். சாதாரண மேசை இதனைத் தாங்காது. உறுதியான மரத்தாலோ செங்கட்டுக் கட்டினாலோ தாங்கியமைத்து, நீர்மட்டம் பார்த்துச் சமப்படுத்தல் வேண்டும். இரும்புத் தாங்கி உப்பினாற் கறள்பிடிக்கும். நேர்வெயில் படும் சன்னலோரமும், அடுப்புப் புகை செல்லும் இடமும், பசளையும் பீடைகொல்லியும் வைக்கும் அறையும் விலக்கப்படவேண்டியவை.

நன்னீரைத் தெரிவுசெய்தல்

கடல்நீர் தயாரிப்பதற்கும், ஆவியாகும் நீரை ஈடுசெய்வதற்கும் தூய நன்னீர் வேண்டும். இவ்விடயத்தில் தோட்டக்காரர் மிகுந்த எச்சரிக்கையாயிருத்தல் அவசியம். யாழ்ப்பாணக் குடாநாடு, கற்பிட்டி ஆகிய பகுதிகளில் மண்ணுக்கும் அடியிலுள்ள பாறைக்கும் ஊடாக நீர் விரைந்து இறங்குவதால், வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியவற்றுக்கு இட்ட பசளையின் நைத்திரேற்று கிணறுகளைச் சென்றடைகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகள் இப்பகுதிகளிற் பல உள்ளன. தொட்டியிலோ 10 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. இவ்வாறான கிணற்றுநீரை உபயோகித்தால் கல்லெங்கும் பச்சைப் பாசி படர்ந்து ஏனையவற்றை மூடிவிடும்.

ஏற்ற நீர் வகைகள் வருமாறு:

(அ) சவ்வினூடாக அழுத்தி வடிக்கப்பட்ட நீர். வடமத்திய மாகாணத்திலும் அயற்பகுதிகளிலும் குடிநீருக்காக நிறுவப்பட்டுள்ள ஆர்.ஓ. நிலையங்களில் இதனைப் பெறலாம்.

(ஆ) மழைநீர். ஓட்டுக்கூரையிலிருந்து, முதல் 20 நிமிட மழை கழுவிச் சென்றபின் சேர்த்தல் வேண்டும். நாகத் தகட்டுக் கூரையின் நீர் ஆகாது.

(இ) குழாய்நீர். வேறு வழி இல்லாதவிடத்து மாத்திரம், 24 மணித்தியாலம் காற்றூட்டிக் குளோரீனை அகற்றியபின் உபயோகிக்கலாம்.

உப்பு

கறியுப்பைக் கரைத்தாற் கடல்நீராகாது. இதன் காரணத்தை உப்பளத்தைக் கண்டவர்கள் எளிதில் அறிவர். ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய இடங்களிற் பாத்திகளில் கடல்நீரை வற்றவிடும்போது முதலிற் சுண்ணாம்பும், பின்னர் உறைகளிக்கல்லும் படிகின்றன. அதன்பின்னரே உப்பு விளைகின்றது. மகனீசியம் மிகுந்த கசப்புநீர் ஈற்றில் வெளியேற்றப்படுகின்றது. ஆகவே நம் கைக்கு வரும் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட்டேயாகும். நத்தை ஓடு கட்டுவதற்கும், முருகை வளர்வதற்கும் வேண்டிய கல்சியமும் மகனீசியமும் அதிற் போதிய அளவில் இல்லை.

மீன்தொட்டிப் பொருட்கள் விற்கும் கடைகளிற் கிடைக்கும் கடல்நீர் உப்புக் கலவையையே வாங்குதல் வேண்டும். 100 லீற்றர் நீருக்குச் சுமார் 3½ முதல் 4 கிலோகிராம் வரை தேவைப்படும். தனியான தொட்டியிலோ பிளாத்திக்குப் பீப்பாவிலோ நன்னீரை நிரப்பி, உப்பைச் சிறிது சிறிதாக இட்டு, பம்பியினால் ஒருநாள் முழுவதும் கலக்கவேண்டும். பின்னர் நீர்மானியினால் அளந்தால் தன்னீர்ப்பு 1.025 ஆக இருத்தல் வேண்டும். இது லீற்றருக்கு 35 கிராம் உப்புக்கு அண்ணளவாகச் சமம்.

கடலோரத்தில் வசிப்போர் இயற்கைக் கடல்நீரையும் உபயோகிக்கலாம். ஆற்றுமுகம், துறைமுகம், களப்பு ஆகியவற்றிற்குத் தூரமான இடத்தில், மழையற்ற காலத்தில், வற்றுப்பெருக்கு உயர்ந்திருக்கும்போது நீரை அள்ளவேண்டும். அதனைத் தடித்த துணியினால் வடித்து, மூடிய பாத்திரத்தில் இருளில் இரண்டு வாரம் வைத்து, தெளிந்த நீரைக் காற்றூட்டி எடுத்தல் வேண்டும்.

கல்லும் மணலும்

சுட்ட மண்ணினாற் செய்த துளையுள்ள செயற்கைக் கல் கடைகளில் விற்கப்படுகின்றது. 100 லீற்றர் தொட்டிக்கு 8 முதல் 10 கிலோகிராம் போதும். சீமெந்து ஒரு பங்கு, சிப்பி ஓட்டுத் தூளும் கல்லுப்பும் கலந்து நான்கு பங்கு என்ற அளவிற் குழைத்து, ஈரமணலிற் குழிதோண்டி வார்த்து வீட்டிலேயே செய்தலுங் கூடும். உப்புக் கரைந்து போன இடம் துளையாகும். ஆயினும் சீமெந்து நீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்தும். ஆகையால் இக்கல்லை ஆறு முதல் எட்டு வாரம் நன்னீரில் ஊறவைத்து, வாரந்தோறும் நீரை மாற்றி, பி.எச். பெறுமானம் 8.4 இற்குக் குறைந்த பின்னரே தொட்டியில் இடல் வேண்டும்.

கல்லை மதில்போல் நெருக்கி அடுக்காமல், நீர் ஊடறுத்து ஓடுமாறும், மீன் ஒளிந்திருக்கக் குகைகள் அமையுமாறும் அடுக்குக. முதலிற் கல்லை அடித்தளத்தில் உறுதியாக வைத்து, அதன்பின் கழுவிய சுண்ணாம்பு மணலை 2 அல்லது 3 சதமமீற்றர் உயரத்திற்குப் பரப்புக. மணலின் மேற் கல்லை வைத்தால், மணலைக் கிளறும் உயிரினங்கள் கல்லைச் சரித்துக் கண்ணாடியை உடைக்கக்கூடும்.

நீரோட்டம், ஒளி, வெப்பநிலை

பாறைவாழ் உயிர்களுக்குத் தேங்கிய நீர் உதவாது. மணித்தியாலத்துக்கு 1,000 முதல் 2,000 லீற்றர் வரை நீரைத் தள்ளும் சிறு நீரோட்டப் பம்பி ஒன்றை அமைத்து, நீரின் மேற்பரப்பு எப்பொழுதும் அசையுமாறு செய்தல் வேண்டும். 27 பாகை செல்சியசில் நன்னீர் லீற்றருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். கடல்நீரோ சுமார் 6½ மில்லிகிராமே கொள்ளும். மேற்பரப்பு அசைவதனாலேயே ஒட்சிசன் நீரிற் சேர்கின்றது.

மீனுக்கும் நத்தைக்கும் சாதாரண விளக்கொளி போதுமானது. முருகையின் உடலினுள்ளே ஒருகலப் பாசிகள் வாழ்ந்து, நெற்பயிரைப் போல் ஒளியினால் உணவு சமைத்து முருகைக்கும் அளிக்கின்றன. அதனாலேயே முருகை வளர்ப்போர் வெண்மையும் நீலமும் கலந்த எல்.ஈ.டி. விளக்குகளை நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் எரிக்கின்றனர். நீர் சூடேறும்போது இப்பாசிகள் முருகையை விட்டு நீங்கும், முருகை வெளிறும்.

வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. உலர்வலயத்தில் இதனைக் காப்பதே மிகக் கடினமான வேலை. நீரின் மேற்பரப்பிற் சிறு மின்விசிறியால் காற்றை வீசச் செய்தால், ஆவியாதலினால் வெப்பநிலை 2 அல்லது 3 பாகை குறையும். கடும் வெயில் நாட்களில் நீர் நிரப்பி உறையவைத்த போத்தலை மூடியபடியே மிதக்கவிடலாம். பனிக்கட்டியை நேரே இடலாகாது. அது உவர்த்தன்மையை மாற்றிவிடும்.

தொட்டியைப் பண்படுத்தல்

இதுவே இப்பிரசுரத்தின் முக்கிய பகுதியாகும். இதற்குப் பொறுமையும், அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று ஆகிய மூன்றையும் அளக்கும் சோதனைப் பெட்டியும் வேண்டும்.

முதலாம் வாரம்: கல், மணல், கடல்நீர் யாவற்றையும் இட்டுப் பம்பியை இயக்குக. விளக்கு வேண்டியதில்லை. உவர்த்தன்மையும் வெப்பநிலையும் நிலைபெற்றபின், உரித்த இறால் ஒன்றை வலைத்துணியிற் கட்டித் தொட்டியில் இடுக. அது அழுகி அமோனியாவை அளிக்கும். வீட்டிலுள்ள யூரியாவையோ அமோனியம் சல்பேற்றையோ இடுதல் தவறு. அவற்றின் அளவைக் கட்டுப்படுத்தல் கடினம். வேறு மாசுகளும் இருக்கும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: அமோனியா உயர்ந்து பின்னர் குறையத் தொடங்கும். நைத்திரைற்று உயரும். எஞ்சிய இறாலை எடுத்துவிடுக.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: நைத்திரைற்றுக் குறைந்து நைத்திரேற்றுத் தோன்றும். புதிய செயற்கைக் கல்லாயின் எட்டு வாரமும் செல்லலாம்.

அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து ஒரு வாரம் பூச்சியமாகக் காணப்பட்டால், தொட்டி பண்பட்டுவிட்டது என அறியலாம். அப்பொழுது நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றுக. நீர் பளிங்கு போலத் தெளிந்திருப்பதைக் கண்டு ஏமாறுதல் கூடாது. அமோனியாவுக்கு நிறமில்லை, இரண்டாம் வாரத்தில் தெளிந்த நீரே மீனைக் கொல்லும்.

இதன்பின் கல்லில் முதலில் மண்ணிறப் படையும், அடுத்துப் பச்சைப் பாசியும் தோன்றும். புதிதாகத் திருத்திய காணியிற் களை முளைப்பதைப் போன்றதே இது. அஞ்சி மருந்து ஊற்றவேண்டியதில்லை. கையினாற் களைந்தும், பாசியுண்ணும் நத்தைகளை விட்டும் அடக்கலாம்.

உயிரினங்களை விடுதல்

முதலிற் பாசியுண்ணும் நத்தை நான்கைந்து. இரண்டு வாரத்தின் பின் துறவி நண்டு அல்லது இறால் ஒன்றிரண்டு. அதன்பின் ஒரு மாதம் கழித்தே மீன் விடலாம். இவ்வளவான தொட்டிக்கு இரண்டு சிறு மீன்கள் போதும். கோமாளி மீன் மிக ஏற்றது. அது தொட்டிகளிலேயே இனம்பெருக்கப்படுகின்றது. தூள் உணவை எளிதில் உண்ணும். கடலனிமனி இல்லாமலும் வாழும். கடலிற் பிடித்ததைத் தவிர்த்து, தொட்டியிற் பிறந்ததையே கேட்டு வாங்குக.

வண்ணத்துப்பூச்சி மீன்களின் அழகிற் பலர் மயங்குவர். அவற்றிற் பல முருகையின் உயிர்த்தசையையன்றி வேறொன்றும் உண்ணமாட்டா. தொட்டியிற் பட்டினி கிடந்தே இறக்கும். ஏனைய மீன்களின் உடலைத் துப்புரவாக்கிப் பிழைக்கும் சிறு மீனும் அவ்வாறே. இவ்வகைகளை வாங்கலாகாது. கடற்கரையிற் பொறுக்கிய கூம்புச்சங்கு உயிருடன் இருப்பின் அதன் கொட்டு மனிதரையும் கொல்லக்கூடியது; பிள்ளைகள் அதனைக் கையிலெடுக்க விடாதீர்கள்.

புதிய உயிரினத்தைப் பையுடன் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பின்னர் தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பையினுட் சேர்த்து, ஒரு மணித்தியாலத்தின் பின் உயிரினத்தை மாத்திரம் தொட்டியில் விடுக. பையிலுள்ள நீரை ஊற்றாதீர்கள்.

முருகை வளர்க்க விரும்புவோர் தொட்டி ஆறு மாதம் நிலைபெற்ற பின்னரே அதனைச் சிந்தித்தல் வேண்டும். மரவள்ளித் தடியைப் போலவே முருகையையும் துண்டாக வெட்டிப் பதியன்செய்து பெருக்கலாம். வெளிநாடுகளில் விற்கப்படுவனவற்றிற் பல இவ்வாறு தொட்டியிற் பெருக்கப்பட்டவை. எனினும், வன்முருகைகளின் சர்வதேச வியாபாரம் உடன்படிக்கையினாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. நம் நாட்டிற் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது எது என்பதை வனசீவராசிகள் திணைக்களத்தில் எழுத்துமூலம் கேட்டறியாது ஒரு துண்டையேனும் வாங்கலாகாது. பொத்தான் போன்ற சில மென்முருகைகளிற் கொடிய நஞ்சுண்டு. அவை ஒட்டிய கல்லை வெறுங்கையாற் பிடித்தலும், வெந்நீரில் அவித்தலும் வீட்டார் யாவர்க்கும் ஆபத்தாகும். முருகை இன்றியும் கல், நத்தை, இறால், ஒரு சோடி மீன் ஆகியவற்றுடன் தொட்டி நிறைவாகவே இருக்கும்.

அன்றாடப் பராமரிப்பு

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 100 லீற்றரில் 5 லீற்றர் வற்றினால் உவர்த்தன்மை லீற்றருக்கு 35 கிராமிலிருந்து ஏறத்தாழ 37 கிராமாக உயரும். ஆதலின் தொட்டியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்து, நாள்தோறும் அக்கோடு வரை நன்னீரை விடுக. இங்கே உப்புநீரை விடுதல் பெரும் பிழை. தொட்டி சிறிது சிறிதாக உப்பளமாகிவிடும்.

உணவை நாளொன்றுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவுக்கே இடுக. பசித்த மீனைவிட எஞ்சிய உணவே தொட்டிகளை அதிகம் கெடுக்கின்றது.

வாரந்தோறும் 10 லீற்றர் பழைய நீரை அகற்றி, முதல்நாளே கலந்து வைத்த அதே உவர்த்தன்மையுள்ள புதுநீரை விடுக. அகற்றும்போது மணலின் மேற் படிந்த கழிவையும் உறிஞ்சி எடுக்கவேண்டும். கல்லைக் குழாய்நீரிற் கழுவினாற் பற்றீரியாக்கள் இறந்துவிடும். நத்தையும் இறாலும் மாத்திரமுள்ள தொட்டிக்குக் கல்சியம் முதலியன இந்நீர் மாற்றத்தாலேயே கிடைத்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பையோ வயலுக்கிடும் சுண்ணாம்பையோ தொட்டியில் இடவேண்டாம்.

கமத்திலிருந்து வரும் ஆபத்துக்கள்

செம்பு: மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் நோய்களுக்குத் தெளிக்கும் செம்புக் கலவைகள் நத்தை, இறால், முருகை ஆகியவற்றை மிகச் சிற்றளவிலும் கொல்லும். செம்பு கல்லிலும் மணலிலும் ஊறினால் அகற்றுதல் அரிது.

பூச்சிகொல்லி: தெளிகருவியைக் கழுவிய வாளியைத் தொட்டிக்கு ஒருபோதும் உபயோகிக்கலாகாது. தொட்டிக்கென வாளி, குழாய், துணி ஆகியவற்றைப் புதிதாக வாங்கி அடையாளமிட்டு வைக்குக. நுளம்புக்கு அடிக்கும் தெளிமருந்தும் இறாலைக் கொல்லவல்லது. காற்றுப் பம்பி அதனை உறிஞ்சி நீரிற் சேர்க்கும்.

கைகள்: தோட்டத்திலிருந்து வந்த கையைத் தொட்டிக்குள் இடலாகாது. சவர்க்காரமிட்டு முழங்கை வரை கழுவி, நல்ல நீரால் பலமுறை அலசியபின் கையிடுக.

மின்சாரமும் மின்தடையும்

உப்புநீர் மின்னை நன்கு கடத்தும். கசிவு ஏற்பட்டால் உடனே மின்னைத் துண்டிக்கும் ஆளி வீட்டில் இருத்தல் இன்றியமையாதது. மின்வடம் செருகியை அடையுமுன் கீழே தொங்கி மேலெழுமாறு அமைத்தால், வடத்தில் வழியும் நீர் செருகியினுள் செல்லாது. தொட்டிக்குள் கையிடுமுன் மின்னை நிறுத்துக.

பம்பி நின்றால் ஒட்சிசன் குறையும். 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை மின்தடை நிலவியது. அவ்வளவு நேரத்தை மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி இல்லாத தொட்டி தாங்குவது கடினம். அப்பம்பியை மீன் வாங்குமுன் வாங்குக. மின்தடையின்போது உணவிடவேண்டாம். வேறு வழியில்லையெனிற் சுத்தமான பாத்திரத்தினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியில் ஊற்றுதல் ஓரளவு உதவும்.

கழிவுநீரும் மிகுதி உயிரினங்களும்

வாரந்தோறும் அகற்றும் 10 லீற்றர் நீரில் 350 கிராம் உப்பு உண்டு. ஓராண்டில் அது 18 கிலோகிராமாகும். இந்நீரைத் தோட்டத்தில் ஊற்றலாகாது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 தெசிசீமனைத் தாண்டினால் நெல்லின் விளைவு குறையத் தொடங்கும். வெங்காயத்திற்கு அவ்வெல்லை சுமார் 1.2, போஞ்சிக்கு 1. கடல்நீரோ சுமார் 50 தெசிசீமன் உடையது. மலசலகூடத்தில் ஊற்றித் தாராளமாக நன்னீர் விடுதலே வீட்டுக்கு ஏற்ற வழி. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றவேண்டாம்.

வளர்க்க முடியாத உயிரினங்களையும் பாசிகளையும் கடலிலோ களப்பிலோ விடாது, வாங்கிய கடையிற் திருப்பிக் கொடுக்குக. 1939 ஆம் ஆண்டில் ஆய்வுக்கெனக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, சில ஆண்டுகளுள் வயல்களிலும் குளங்களிலும் பரந்து கமக்காரரைப் படுத்திய பாட்டை நாம் அறிவோம். கடலில் அத்தகையதொன்று பரவினாற் களைவது அதனினும் கடினம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. கடலிலிருந்து முருகைக்கல் எடுத்தல் சட்டவிரோதம்.
2. தன்னீர்ப்பு 1.025, வெப்பநிலை 25 முதல் 27 பாகை, பி.எச். 8.1 முதல் 8.4.
3. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும் வரை ஓர் உயிரையும் விடாதீர்கள்.
4. வற்றிய நீருக்கு நன்னீர். மாற்றும் நீருக்கு உப்புநீர்.
5. செம்பும் பூச்சிகொல்லியும் தொட்டியின் அயலிலும் வரலாகாது.
6. மின்கலப் பம்பியை முன்கூட்டியே வாங்குக.
7. உப்புநீரைப் பயிர்நிலத்தில் ஊற்றாதீர்கள்.

விதைத்த மறுநாளே அறுவடையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. இத்தொட்டிக்கும் ஏறத்தாழ ஒரு போக காலம் தேவை. அக்காலத்தைக் கொடுப்பவரது தொட்டியில், பல ஆண்டுகளுக்குக் கடலின் ஒரு சிறு மூலையை வீட்டுப் பிள்ளைகள் கண்டு பயனடைவர். நீரின் தன்மை பற்றி ஐயமுடையோர் அருகிலுள்ள விவசாயப் போதனாசிரியரையும், மீன் வகைகள் பற்றி அறிய விரும்புவோர் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரையும் அணுகுவார்களாக.